கட்டில் இடம் மாறியதை உனக்குச் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதும் தொண்டையும் கெடாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இன்றைக்கு அப்படி ஒரே வரியில் முடிக்க மனசு வரவில்லை. அப்பா சுமாராக இருக்கிறார், அண்ணன் நன்றாக இருக்கிறான், நான் அலுத்துப்போயிருக்கிறேன், உள்ளது உள்ளபடி இதுதான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், நீயோ பாதியில் அழுதுவிடுகிறாய், அப்புறம் உன்னைச் சமாதானப்படுத்துவதிலேயே நான் சொல்ல வந்தது போய்விடுகிறது. தாளில் அந்த வம்பு இல்லை. சமையல் மேடையில் வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். எழுதி முடித்ததும் அண்ணனிடம் கொடுத்து, போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். அவன் படிக்காமல் எடுப்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. படித்தால் படிக்கட்டும், இந்த ஒரு தடவை அவனைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப்போகிறேன்.

உன் செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. உனக்கு மேலே இருந்தவர் வேறு குழுவுக்குப் போகிறார், வருகிற வருஷம் பூராவும் ஊர் ஊராக நடக்கப்போகும் கச்சேரிகளுக்கு நீயே பொறுப்பாக இருக்கவேண்டும் என்று உன் குழுவின் பாடகியே கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அதற்குக் கீழே, "நான் வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்கே வந்துடறேம்மா, உன்னால தனியா முடியலை" என்று எழுதியிருந்தாய். பொய் சொல்ல மாட்டேன், படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தச் சந்தோஷம்தான். இனிமேல் காலையில் அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட நீ இருப்பாய், நான் கடைக்கு நேரத்துக்குப் போகலாம், இடுப்புக்கு மருந்து தேய்த்துவிட ஒரு கை இருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே கழுவினேன். கழுவின பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு முடியவில்லை என்பது நிஜம்தான் கண்ணு. மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி நல்லவர், தாமதமாகப் போனால் ஒன்றும் சொல்வதில்லை, கடிகாரத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார், அதற்குத் திட்டினாலே தேவலை. போன வாரம் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார், என்ன குறை என்று கேட்டால், "இதைப் போட்டா வீடெல்லாம் ஒரே தூசியாத் தெரியுதும்மா, பழசே போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது.

ஆனால் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று நாள் போகப்போக எனக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது. நீ வருவது எனக்காக இல்லை. என் இடுப்பு வலி உனக்கு நல்ல சாக்காக அகப்பட்டிருக்கிறது. கோபப்படாதே, முழுவதும் படி. போன மாதம் அந்தக் கச்சேரியில் நடந்ததை நீ அழுதுகொண்டே சொன்னாயே, எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது, அப்புறம் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு மீதியையும் புரிந்துகொண்டேன். பாடகிக்குத் தொண்டை சரியில்லை என்று மத்தியான ஒத்திகையில் ஒரு சரணத்தை எடுத்துவிடச் சொன்னார், நீயும் எடுத்தாய். உன்னிடம் இரண்டு லேப்டாப் இருக்கின்றன, மேடையில் ஆள் இல்லாத வாத்தியமும் கோரஸும் அதிலிருந்துதான் வரும், இரண்டிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று நின்றால் மற்றது பிடித்துக்கொள்ளும், எதிரே இருக்கும் கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. நீ முதலாவதில் சரணத்தை வெட்டிவிட்டு இரண்டாவதில் வெட்ட மறந்தாய். மறந்த அன்றைக்கென்றே முதலாவது நின்றுபோனது. இரண்டாவது பிடித்துக்கொண்டது, இல்லாத சரணத்தோடு. மேளம் அடிக்கிறவர் காதில் நீ முன்கூட்டியே பதிந்துவைத்த உன் குரல் "சரணம், ரெண்டு, மூணு, நாலு" என்று சொல்ல, அவர் அந்தப் பக்கம் போக, பாடகி பல்லவிக்குப் போய், திகைத்து வாயை மூடிக்கொண்டு நிற்கையில் ஒலிபெருக்கியில் பதிந்துவைத்த அவர் குரலே கோரஸோடு பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, ஊரே பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து நீ போனில் பாட்டைப் பற்றியே பேசுவதில்லை. முன்னெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, இன்றைக்கு எந்த ஊர், எத்தனை வயலினை லேப்டாப்பிலிருந்து விட்டேன் என்றுதான் பதில் சொல்வாய்.

நீ இந்த வேலைக்குப் போனபோது உன் அத்தை கேட்டது நினைவிருக்கிறதா? "பாட்டுப் போடுறதுக்கா அவ்வளவு தூரம் போறா, அதை இங்கயே நாலு கல்யாண வீட்டுல போடலாமே" என்றாள். அப்பாதான் பதில் சொன்னார். அவருக்கு அப்போது பேச்சு இன்னும் தெளிவாக இருந்தது. "பாடுறவங்க, வாசிக்கிறவங்க எல்லாம் டிரைவர். எம்பொண்ணு கண்டக்டர். அவ மணி அடிச்சாத்தான் வண்டி கிளம்பும், மணி அடிச்சாத்தான் நிக்கும். கூட்டத்துக்கு டிரைவரைத்தான் தெரியும், டிரைவருக்கு மணியைத்தான் தெரியும்." வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன், மணிச் சத்தம் கேட்காமல் வண்டியை ஓர் அடி நகர்த்தியதில்லை. அத்தை வாயை மூடிக்கொண்டாள், அது அவளுக்கு அபூர்வம். அன்றிலிருந்து உனக்கு இந்த வீட்டில் கண்டக்டர் என்றுதான் பெயர்.

அப்புறம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து, கால் அறை வாசற்படிக்கு வந்தால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது உனக்குத் தெரிந்த கதைதான். படியைப் பார்த்ததும் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுவார், பின்னாலிருந்து நான் கெஞ்சுவேன், பிறகு அதட்டுவேன், எதற்கும் கால் வராது. தாளம் கேட்டால் இந்த வியாதி உள்ள சிலருக்குக் கால் வரும் என்று பிசியோதெரபி செய்ய வரும் பெண் கைதட்டிக் காட்டினாள். நீ விடுமுறைக்கு வந்திருந்தவள் அதைப் பிடித்துக்கொண்டாய். கட்டிலிலிருந்து ஹாலில் ஜன்னலோரம் இருக்கும் நாற்காலி வரைக்கும் அப்பாவின் நடையில் நடந்து நடந்து பார்த்து, டிக் டிக் என்று தாளம் வைத்து, மேடைக்காரர்களுக்குச் சொல்வதுபோலவே உன் குரலில் சொல்லிப் பதிந்து கொடுத்தாய். எழுந்திரிங்கப்பா, ஒண்ணு, ரெண்டு, வாசல் வருது, காலைத் தூக்குங்க, திரும்புங்க, நாற்காலி உங்க பின்னாடி இருக்கு, மெதுவா உக்காருங்கப்பா, நல்லா நடந்தீங்க. இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைத்து நான் போனை அழுத்தியதும் மனுஷன் கிளம்பிப் போனார் பார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ ஊருக்குப் போன பிறகு தினமும் காலையில் நான்தான் அழுத்துகிறேன். நீ அங்கே படித்துவிட்டுச் செய்யும் வேலையை நான் இங்கே படிக்காமல் செய்கிறேன் என்று கடையில்கூடப் பெருமை அடித்திருக்கிறேன்.

இப்போது உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னால் மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் எங்கேயோ உடைந்து, கட்டில் ஓரத்துச் சுவர் ஊறிப்போய்விட்டது. குழாய் ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, சுவர் காய நாளாகும், கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லி, அவரே ஒரு பக்கம் பிடித்து மாற்றியும் கொடுத்தார். நல்ல மனுஷர் என்று காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அதோடு அதை மறந்துவிட்டேன். கட்டில் இப்போது அறை வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, உன் குரலுக்கு அது தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல அப்பா காதில் வைத்து அழுத்தினேன். அவர் எழுந்தார், நடந்தார். நீ வாசல் என்று சொல்வதற்குள்ளேயே வாசலைத் தாண்டிவிட்டார், ஒட்டக்கூட இல்லை, நீ சொல்லாததால் அது அவருக்கு வாசலே இல்லை. ஹால் நடுவில் போனபிறகு உன் குரல் காலைத் தூக்கச் சொல்லியிருக்கிறது, மனுஷன் வெறும் தரையில் காலை உசரத் தூக்கி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்க, நான் அணைக்க ஓடினேன். அதற்குள் நீ திரும்பச் சொல்லியிருக்கிறாய், திரும்பினார். நாற்காலி பின்னாடி இருக்கு, உக்காருங்கப்பா என்று சொல்லியிருக்கிறாய். உட்கார்ந்துவிட்டார். நாற்காலி எங்கேயோ இருந்தது.

பயப்படாதே, எலும்பு முறியவில்லை, படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய் இப்போது மஞ்சளாகி வருகிறது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓடிவந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து, கையால் பின்னால் தடவித் தடவி நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் இயர்போன் அப்படியே இருந்தது. "பார்த்து உக்காரக் கூடாதா" என்று நான் கத்தினேன், பயத்தில் வேறென்ன வரும். அவர் சொன்னார், "கண்டக்டர் மணி அடிச்சா திரும்பிப் பார்க்கக் கூடாது." அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, நானும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேருமாக அண்ணன் வரும்வரை அப்படியே இருந்தோம், பொங்கின பால் அடுப்பெல்லாம் காய்ந்துபோனது.

அண்ணன் வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தான். முதலில் என்னைத் திட்டினான், பிறகு உன்னைத் திட்டினான், பிறகு குழாய்க்காரரைத் திட்டினான், அப்புறம் திட்ட ஆள் கிடைக்காமல் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் பழையபடி எங்கே இருந்ததோ அங்கே தரையில் கோடு போட்டான். இனிமேல் அப்பாவைக் கையைப் பிடித்து அந்தக் கோட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டுத்தான் அழுத்தவேண்டும் என்று எனக்குக் கட்டளை. கட்டளை போட்டவனே மறுநாள் காலையில் தன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றான். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறான், அவன்தான் அப்பாவைக் கோட்டில் நிறுத்துகிறான், அவன்தான் அழுத்துகிறான். அப்பாவும் அவனும் பேசிக்கொள்வது அபூர்வம் என்று உனக்குத் தெரியும், இப்போதும் பேசுவதில்லை, ஆனால் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நடக்கிறார்கள். உன் பாஷையில் சொன்னால் இந்த வீட்டில் இவ்வளவு நாள் ஒரு மெஷின்தான் ஓடியது, இப்போது இரண்டாவது வந்திருக்கிறது. கொஞ்சம் சத்தம் போடுகிற மெஷின், இருந்தாலும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் எதற்கு எழுதுகிறேன் என்றால், அப்பா விழுந்த மறுநாள் காலையில் நடந்ததற்காக. இன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் படுத்தே இருக்கட்டும் என்று இயர்போனை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அண்ணனும் சரி என்றான். கட்டிலில் இருந்து அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேசச் சிரமமாக இருந்ததோ என்னவோ, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். தன்னை வெறும் தரையில் உட்காரவைத்த அதே குரலுக்கு, அடுத்த நாளே காதைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் போய் எடுத்துவந்து வைத்தேன். வேறென்ன செய்ய?

நீயும் நானும் செய்தது ஒரே தப்புதான். நீ ஒன்றில் மாற்றி மற்றதில் மாற்றவில்லை, நான் கட்டிலை மாற்றி உனக்குச் சொல்லவில்லை. உன் பாடகி ஆயிரம் பேருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார், அதற்கப்புறமும் உன்னைத்தான் கேட்கிறார். அவரும் காதைக் காட்டிக்கொண்டிருக்கிறார். நீ ஏன் இயர்போனை அலமாரியில் வைத்துவிட்டு ஓடி வருகிறாய்? உரலுக்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? நீ இங்கே வந்தால் எனக்கு இடுப்பு வலி குறையும், சந்தேகமில்லை. ஆனால் தினமும் ஒரு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நீ வளைய வருவாய், அதற்கு எந்த மருந்தைத் தேய்ப்பது? வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. தோற்றுப்போய் வராதே, அவ்வளவுதான். ஓய்வாக வா, லீவு போட்டு வா, வந்து ஒரு மாதம் சும்மா தின்றுவிட்டுத் தூங்கு. வெள்ளிக்கிழமை அந்தப் பாடகிக்குச் சரி என்று சொல். இனிமேல் இங்கே ஒரு ஸ்டூல் நகர்ந்தாலும் நான் உனக்குச் சொல்லிவிடுகிறேன், அங்கே நீ ஒரு வரியை வெட்டினாலும் இரண்டிலும் வெட்டிவிடு. நமக்குள் இது ஒப்பந்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அதற்காகத்தான் முக்கியமாகப் போனில் பேசவில்லை. நீ ஒவ்வொரு தடவையும் "அதே வேகம்தானேம்மா" என்று கேட்கிறாய், நானும் அதேதான் என்கிறேன். அது பொய். தாளம் இப்போது அவருக்கு முந்திக்கொண்டு ஓடுகிறது, அவர் துரத்துகிறார். கோட்டில் நிறுத்தினாலும் நாற்காலிக்கு முன்னாலேயே உன் குரல் உக்காருங்க என்று சொல்லிவிடுகிறது, அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடுகிறான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், தினமும் பார்த்தால் இருக்காது. அதனால் கட்டில் புது இடத்துக்கு ஏற்றமாதிரி புதிதாகப் பதிந்து அனுப்பு, அண்ணன் அப்பாவின் நடையில் நடந்து பார்த்து எத்தனை எட்டு என்று உனக்குச் சொல்வான். தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக வை. எவ்வளவு மெதுவாக என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவர் ஒரு வார்த்தையை யோசித்துச் சொல்வாரே, அந்த அளவு. அப்பா கேட்டால், கட்டில் மாறிவிட்டதால் வேகத்தையும் மாற்றவேண்டியிருந்தது என்று சொல்லிவிடு. அவர் நம்பிவிடுவார். நம்பாவிட்டாலும் நம்பினதுபோல இருந்துகொள்வார், அவ்வளவு பெருந்தன்மை அவருக்கு உண்டு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அத்தை உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள், மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மாற்றக் கூடாது என்று சொல்லிவைத்தேன். அவளுக்குப் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதே. காதில் எப்போதும் எதையாவது வைத்துக்கொண்டே இருக்காதே, காதுக்கும் ஓய்வு வேண்டும். கச்சேரி முடிந்ததும் கிடைத்ததைக் கொறித்துவிட்டுப் படுக்காமல் சோறாக ஏதாவது சாப்பிடு. போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல பெயரும் நல்ல மனுஷர்களும் கிடைக்க வேண்டும், உன் கை தொட்டது எதுவும் பாதியில் நிற்காமல் ஓட வேண்டும் என்று அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை. கடைசியாக எனக்கென்று ஒன்று கேட்கிறேன். அப்பா விழுந்த நாளிலிருந்து இயர்போனில் இன்னொன்றை நான் என் காதில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கிறேன், எது எப்போது வரும் என்று எனக்கும் தெரியவேண்டுமே. உன் குரல் காதுக்குள் வந்து மெதுவா உக்காருங்கப்பா, நல்லா நடந்தீங்க என்று சொல்லும்போது என் முழங்காலும் கொஞ்சம் மடங்குகிறது. அவர் உட்கார்ந்துவிடுகிறார், தாளம் நின்றுவிடுகிறது, நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். புதிதாகப் பதியும்போது அவர் உட்கார்ந்தபிறகு உடனே நிறுத்திவிடாதே. கொஞ்சம் இடம் விட்டு, அம்மா நீயும் உக்காரு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்.

இப்படிக்கு,
இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உன் அம்மா